மாராவா, செரெங்கெட்டியா, குரூகரா? சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஏற்காட்டில் எஸ்டேட் பாதையில் காட்டெருமை குறுக்கே நின்றால் என்ன செய்வோம்? வண்டியை அணைத்துவிட்டு, அதுவாக நகரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆப்பிரிக்க சஃபாரியும் முக்கால்வாசி இதுதான். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்கிறவர் யார் என்பதில்தான் பூங்காவுக்குப் பூங்கா வித்தியாசம். இந்த மூன்று பூங்காக்களில் எதற்குப் போகலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பதும் அதைத்தான்.

நான் போனது கென்யாவின் மசாய் மாரா. அஞ்சு ரோட்டில் இருக்கும் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், தென்னாப்பிரிக்காவின் குரூகர் போய் வந்தார். தான்சானியாவின் செரெங்கெட்டியை இரண்டு பேருமே இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது, ஏனென்றால் அதுவும் மாராவும் ஒரே புல்வெளி. நடுவில் ஓடுவது நாட்டு எல்லை மட்டும்தான். அதை விலங்குகள் மதிப்பதில்லை.

அளவைச் சொல்லிவிடுகிறேன். குரூகர் சுமார் 19,500 சதுர கிலோமீட்டர், நம் சேலம் மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். செரெங்கெட்டி 14,750 அளவில். மாரா வெறும் 1,500. சின்னதுதானே என்று மாராவைத் தள்ளிவிட வேண்டாம். மூன்றே நாள் கையில் இருந்தால் அந்தச் சின்ன அளவுதான் லாபம். புல்வெளி திறந்து கிடக்கிறது, காலையில் சிங்கம், மதியத்துக்குள் சிவிங்கி, யானைக் கூட்டம் என்று அடுத்தடுத்துக் கண்ணில் படும். குரூகர் அப்படியில்லை. புதரும் மரமும் அதிகம், பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிறுத்தைகூடத் தெரியாமல் போகலாம்.

எல்லோரும் கேட்பது வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சியை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள், கூடவே வரிக்குதிரைகள், மழையையும் புல்லையும் தேடி வருடம் முழுக்க வட்டமடிக்கின்றன. பிப்ரவரி வாக்கில் செரெங்கெட்டியின் தெற்கே கன்று ஈனும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றுப் பக்கம். அந்த ஆறு செரெங்கெட்டியின் வடமுனையிலும் ஓடுகிறது, ஆகவே கடப்பதைப் பார்க்கக் கென்யாதான் போக வேண்டும் என்பதில்லை.

என் கதை இது. 'உங்க குடும்பத்துக்குத் தனி ஜீப்' என்று சொல்லித்தான் இங்கே ஒரு ஏஜென்ட் பணம் வாங்கினார். நைரோபியில் இறங்கினால், வேறு இரண்டு குடும்பங்களோடு ஒரே வேன். ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். கூட்டம் கரைவரை வந்து, தண்ணீரைப் பார்த்து, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. வேனில் ஒருவருக்குப் பசி, ஒருவருக்குச் சலிப்பு. கிளம்பிவிட்டோம். அரை மணி கழித்து முதலைகளுக்கு நடுவே அத்தனையும் இறங்கினவாம், இரவு லாட்ஜில் பக்கத்து மேசைக்காரர் போட்டோ காட்டினார். மாராவோ செரெங்கெட்டியோ, வண்டி முழுக்க உங்களுடையது என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "டேய், நானே ஓட்டினேன், நானே நிறுத்தினேன். ஒரு குட்டை ஓரத்துல ரெண்டு மணி நேரம், கேட்க ஆளே இல்ல." குரூகரின் பெருமை அதுதான். வாடகைக் காரில் நீங்களே சுற்றலாம். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு. தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர்தான் வேகம், குறிப்பிட்ட இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது, இருட்டுவதற்குள் தங்கும் முகாமின் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். முகாம் குடில்கள் பலவற்றில் சமையல் வசதி உண்டு. அண்ணி கடையில் அரிசி பருப்பு வாங்கி ரசமே வைத்துவிட்டாராம். செலவும் மூன்றில் இதுதான் குறைவு. மாராவில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே, 2024 கணக்குப்படி, ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. தலைக்கு!

செரெங்கெட்டிக்கு நாளும் பணமும் வேண்டும். தான்சானிய நகரமான அருஷாவிலிருந்து சாலையில் போனால் ஒரு பகல் முழுக்கப் பயணம், வழியில் கொரொங்கோரோ. அந்த எரிமலைப் பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் போனதற்கு அர்த்தம். ஐந்து நாளுக்குக் குறைந்தால் வேண்டாம்.

அப்புறம் பள்ளி விடுமுறை. மே மாதம் என்றால் யோசிக்காமல் குரூகர்: மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கியிருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். அதே மே மாதம் மாராவில் பெருமழையின் கடைசிக் கட்டம், லாட்ஜ் வாடகை இறங்கியிருக்கும், புல் ஆளுயரம் நிற்கும். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை மாராவுக்குக் கச்சிதம். கன்று ஈனும் பிப்ரவரியோ, பிள்ளை பொதுத்தேர்வு எழுதும் வீட்டில் வாயைத் திறக்கவே முடியாது.

கென்யா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன், சேலத்திலிருந்து அதற்கென ஒரு நாள் ஒதுக்குங்கள். குரூகருக்கு இது தேவையில்லை, ஆனால் நைரோபி வழியாக டிக்கெட் எடுத்தால் அட்டையைக் கேட்கலாம். மலேரியா மாத்திரை பற்றி மூன்றுக்குமே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் பருத்திச் சட்டையோடு போனேன். மாராவின் உயரம் ஏறக்குறைய ஏற்காட்டு உயரம். ஆகஸ்ட் காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வேனில் பல் தந்தியடித்தது. டிரைவர் தன் சிவப்பு மசாய்ப் போர்வையைக் கழற்றிக் கொடுத்தார். இந்த முறை ஸ்வெட்டரை எடுத்து வைத்தாயிற்று. மே மாதம், குரூகர், அண்ணன் ஓட்டுகிறார். பாதி நாள் ஸ்டியரிங் எனக்கு என்று இப்போதே சொல்லிவிட்டேன்.