1050 நானோமீட்டர் ஓசிடி கருவி: லேசர் பாதுகாப்பில் தேறுமா?

ஓசிடி என்பது ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் முறை. இந்தக் கருவியின் படம் அருமை, அதில் பேச்சில்லை. ஆனால் 1050 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. இமை தானாக மூடிக் காப்பாற்றாது. எனவே கருவிதான் காவல்.

முதலில் பார்க்க வேண்டியது கால்வோ கண்ணாடி, அதாவது லேசர் கற்றையை விழித்திரைமேல் ஓட்டும் அசையும் கண்ணாடி. கற்றை ஓடிக்கொண்டிருக்கும்வரை வெப்பம் பரவிவிடும். கண்ணாடி நின்றால் அத்தனையும் விழித்திரையின் ஒரே புள்ளியில் இறங்கும். இந்தக் கருவி, கண்ணாடிக்கு அனுப்பிய கட்டளையை மட்டும் நம்பாமல், அதன் நிலை உணரியையும் படிக்கிறது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஒளியை மறிக்கும் ஷட்டர் விழும், லேசர் மின்னோட்டமும் தனியாக அறும். ஷட்டர் ஸ்பிரிங்கால் மூடும் வகை. மின்சாரம் போனாலும் மூடியே நிற்கும். நல்ல வேலை.

குறை ஒன்று, சிறியதல்ல. லேசர் திறனைச் சீராக வைக்கவும், மீறினால் நிறுத்தவும் ஒரே ஃபோட்டோடையோடு (ஒளியை அளக்கும் உணரி). அதன்மேல் தூசி படிந்தால் குறைவாகக் காட்டும். கட்டுப்பாடு லேசரை ஏற்றிவிடும். காவல்காரனுக்கோ எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டு தனி டையோடு கட்டாயம்.

ஆகவே கருவித் திரையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். கருவிழி வரும் இடத்தில் பவர் மீட்டரை வைத்து, ஸ்கேனை நிறுத்தும் சர்வீஸ் முறையில் அளந்து, தயாரிப்பாளர் தந்த உச்சவரம்போடு ஒப்பிடுங்கள். மீட்டரின் அலைநீளத்தை 1050-க்கு மாற்ற மறக்காதீர்கள். மீட்டரின் சிலிக்கான் உணரித் தலை இந்த அலைநீளத்தில் வெப்பநிலைக்கேற்பத் தடுமாறும்; ஜெர்மானியம் அல்லது வெப்ப வகை உணரி நல்லது. அளக்கும்போது அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.