ஹரி என்றொரு ஊழியர்: மீட்டிங் குறிப்பெடுக்க பொட்டா, போனா?

எங்கள் அலுவலகத்தில் மொத்தம் ஏழு பேர். ஆனால் பெப்ரவரி மாதத்துக் கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் எட்டாவதாக ஒருவர் இருக்கிறார். பெயர் ஹரி. எந்த வேலையைச் சொன்னாலும் ஒப்புக்கொள்வார். "டி.ஓ. (சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஓடர்) எடுக்க ஹரி சம்மதித்தார்", "லொறி விஷயத்தை ஹரி உறுதிப்படுத்தினார்" என்று வாராவாரம் அவர் தலையில் வேலை ஏறிக்கொண்டே போகும், ஒன்றும் நடக்காது. சிங்களத்தில் 'ஹரி' என்றால் சரி. துறைமுக வேலைகளைப் பார்க்கும் எங்கள் வார்ஃப் கிளார்க் எதற்கெடுத்தாலும் "ஹரி ஹரி" என்பவர். கூட்டக் குறிப்பெடுக்கத் தமிழுக்கு அமைத்து வைத்திருந்த ஏஐ கருவி அதை ஆளின் பெயராக்கி, பொறுப்பையும் கொடுத்துவிட்டது.

கொழும்பு புறக்கோட்டையில் சின்னதொரு கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறோம். துறைமுகத்துக்கு வரும் கொள்கலனைச் சுங்கத்திலிருந்து எடுத்து, குறுக்குத் தெருக் கடைக்காரர்களின் களஞ்சியத்தில் கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில். ஒரு நாள் பிந்தினால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். அதனால் யார், எதை, எப்ப செய்வதாகச் சொன்னார் என்பது எங்களுக்குக் காசு. முன்பு குறிப்பெடுத்த தங்கச்சி கனடா போய்விட்டா. அந்த இடத்துக்கு ஆள் தேடாமல் ஏஐ கருவி தேடினோம். ஐந்து மாதத்தில் மூன்று வழிகளைப் பார்த்தாயிற்று.

முதல் வழி, கூட்டச் செயலிக்குள்ளேயே இருப்பது. காசு கட்டும் ஸூம் கணக்கு இருந்தால் அதன் ஏஐ கம்பானியன் 2023 செப்டம்பரிலிருந்து தனிக் கட்டணம் இல்லாமல் வருகிறது. கூகுள் மீட்டின் குறிப்பெடுக்கும் வசதி 2024இல் வந்தபோது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். சீனாவில் இருக்கும் சரக்கு அனுப்புநரோடு புதன்கிழமைகளில் ஆங்கிலத்தில் கதைப்போம். அதற்கு இது தாராளம். கூட்டம் முழுக்க ஆங்கிலம் என்றால் இதற்கு மேல் வாசிக்கவே தேவையில்லை, கையில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பொட், அதாவது தானாக இயங்கும் மென்பொருள். நாட்காட்டியைப் பார்த்து, கூப்பிடாமலேயே கூட்டத்துக்குள் ஓர் ஆளாக வந்து உட்கார்ந்துவிடும். ஒட்டர் போன்றவை இந்த ரகம். அதன் இலவசத் திட்டத்தில் மாதம் 300 நிமிடம், ஒரு கூட்டத்துக்கு 30 நிமிடம். இலவச ஸூம் கூட்டமே 40 நிமிடம் ஓடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது மொழிப் பட்டியலில் தமிழ் இருந்த வேறொன்று. பெயர் வேண்டாம்.

மூன்றாவது, போனை மேசை நடுவில் வைத்துப் பதிவு செய்து, ஒலிக் கோப்பைப் பிறகு எழுத்தாக்குவது. எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் ஸூமில் நடப்பதில்லை, மேசையைச் சுற்றி நடக்கிறது. பொட்டுக்காக எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து கொண்டே ஸூமில் சேர்ந்த கூத்தும் நடந்தது. ஒரே அறையில் மூன்று லப்டொப், எதிரொலியில் காது போனது.

விலை, தோற்றம், எந்தச் செயலியோடு இணையும் என்பதையெல்லாம் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கொழும்பில் தொழில் செய்பவருக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: கூட்டம் முடிந்த பிறகு குறிப்பைத் திருத்த எவ்வளவு நேரம் போகிறது? திருத்தவே 35 நிமிடம் போகுமென்றால் அந்த நேரத்தில் நானே எழுதியிருப்பேனே.

இங்கே ஒரு வசனம் ஒரு மொழியில் முடிவதில்லை. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், ஹட்டன் தம்பி ஒருவன், சிங்கள வார்ஃப் கிளார்க், போனில் கடைக்கார நானா. எல்லாருடைய பேச்சிலும் பி.எல்., கஸ்டெக், எச்.எஸ். கோட் என்று தொழில் ஆங்கிலம் வேறு. பேச்சை எழுத்தாக்க நிறைய இடங்களில் பயன்படும் விஸ்பர் என்ற ஏஐ மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாகவே வெளியிட்டது. 6,80,000 மணித்தியால ஒலியில் பழகியது, தமிழும் சிங்களமும் அதற்குள் அடக்கம். ஆனால் அது ஒலியை 30 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரே மொழி என்று வைத்துக்கொண்டுதான் எழுதும். எங்கள் ஆட்கள் 30 வினாடிக்குள் மூன்று மொழிக்கும் போய்விட்டு வந்துவிடுவார்கள்.

வெறும் எழுத்துப்பிழை என்றால் பரவாயில்லை. கருத்தே தலைகீழாகிறது. வார்ஃப் கிளார்க் சொன்னது "லொறிய யவன்ன எபா". லொறியை அனுப்ப வேண்டாம் என்று அர்த்தம். அந்த 'எபா' தமிழில் 'எப்ப' ஆனது. சுருக்கத்தில் வந்தது: "லொறியை எப்போது அனுப்புவது என்று கேட்டார்." வேண்டாம் என்றது கேள்வியாகிவிட்டது. இன்னொரு நாள் 'ஹெட' என்றார், அதாவது நாளைக்கு. அது 'எட்டு' ஆகி, "கொள்கலன் 8ஆம் திகதி வரும்" என்று அழகான புள்ளிக் குறியோடு வந்து நின்றது. வாசித்தால் சந்தேகமே வராது. கொச்சையாக எழுதியிருந்தாலாவது திரும்பக் கேட்டிருப்போம்.

அதனால்தான் சுருக்கத்தை நம்பி ஒலியை அழித்துவிடும் எதுவும் எனக்கு ஒத்துவராது. கிரனோலா போன்ற, பொட் அனுப்பாத ரகம் ஒன்று இருக்கிறது. கணினியின் ஒலியைக் கேட்டு எழுதும், ஒலிப்பதிவை வைத்துக்கொள்ளாது. அந்தரங்கம் பார்ப்பவருக்கு அது நல்ல குணம். 'எபா'வா 'எப்ப'வா என்று திரும்பிப் போய்க் கேட்க வேண்டிய எனக்கு அதுவே குறை. பொட் ரகத்துக்கு இந்த இடத்தில் நியாயம் சொல்ல வேண்டும். வரியைத் தட்டினால் அந்த இடத்து ஒலி கேட்கும், அருமையான வசதி. ஆனால் பத்து வரியில் ஆறு வரியைத் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் என்ன செய்வது?

பொட்டில் இன்னொரு சங்கடமும் பட்டோம். நானா ஒருவர் லைனிலிருந்து போன பிறகு, அவருடைய பாக்கியைப் பற்றி நாங்கள் கதைத்தோம். பொட் போகவில்லை. அதையும் சேர்த்துச் சுருக்கி, அழைப்பில் இருந்த எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது. பின்னேரம் போன் வந்தது. "தம்பி, என்ட செக் எப்ப ரிட்டன் ஆகின?" என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். தானாக அனுப்பும் அமைப்பை முதல் நாளே நிறுத்தியிருக்க வேண்டும், அது என் பிழை.

இப்போது செய்வது இதுதான். போனை மேசை நடுவில், மடித்த துவாயின் மேல் வைப்போம். மேசை அதிர்வும் பேனா தட்டுவதும் குறையும். மின்விசிறியைக் குறைத்துவிட்டு, பதிவு செய்கிறோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் சொல்வதுதான் மரியாதை. கூட்டம் முடிந்ததும் கோப்பை, ஒலியை நேரடியாகக் கேட்கும் சாட்பொட் ஒன்றுக்குக் கொடுக்கிறோம். கூகுளின் ஜெமினி போன்றவை இதைச் செய்யும். விஸ்பருக்கு இருப்பது போல் துண்டுக்கு ஒரு மொழி என்ற கட்டாயம் இல்லாததால் கலப்புப் பேச்சை இவை நன்றாகப் பிடிக்கின்றன. கூடவே நாற்பது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் ஒட்டுவோம்: ஆட்களின் பெயர், கப்பல் கம்பனிகள், தொழிற் சொற்கள். பட்டியலின் முதல் வரி: "ஹரி என்பது ஆள் இல்லை."

இதைவிடப் பெரிய மாற்றம் கருவியில் வரவில்லை, எங்கள் வாயில் வந்தது. ஒவ்வொரு விஷயமும் முடியும்போது ஒருவர் சத்தமாக, ஒரே மொழியில், "முடிவு: நாளைக் காலை பத்து மணிக்கு முன் இன்னார் டி.ஓ. எடுக்கிறார்" என்று சொல்வார். முதல் இரண்டு வாரம் பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது, ஹட்டன் தம்பி வேண்டுமென்றே செய்தி வாசிப்பவர் குரலில் சொல்லுவான். ஆனால் எழுத்துப் பிரதியில் 'முடிவு' என்று தேடினால் ஒன்பது பத்து வரி வந்து விழுகிறது. அவற்றை மட்டும் பார்த்தால் போதும். திருத்தும் நேரம் 35 நிமிடத்திலிருந்து 12 நிமிடமானது. இந்தப் பழக்கத்தோடு பொட்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தால் அதுவும் தேறியிருக்கலாம். நான் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இலக்கங்களில் மட்டும் எந்த வழியையும் நம்ப மாட்டேன். கொள்கலன் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. எக்செல்லில் ஒரு சூத்திரம் போட்டு வைத்திருக்கிறோம், இலக்கம் மாறியிருந்தால் அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். திகதிக்கும் தொகைக்கும் அப்படிக் காவல் இல்லை, அவற்றை வட்ஸ்அப் குழுவில் கையால் தட்டுகிறோம்.

போன் வழியிலும் குறை உண்டு. ஜெமினியின் இலவசக் கணக்கு 10 நிமிட ஒலியைத்தான் ஏற்கும், கட்டணக் கணக்கு 3 மணித்தியாலம். இலவச உரையாடல்களை மனிதர்களும் பரிசீலிக்கலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் விலை பேசும் பகுதியில் பதிவை நிறுத்திவிடுவோம். முற்றிலும் அந்தரங்கம் வேண்டுமென்றால் விஸ்பரைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். பெரிய மாதிரி சுமார் 3 ஜிபி, ஒலி வெளியே போகாது. ஆனால் விஸ்பர் எழுதியவற்றில் சுமார் 1 சதவீதத்தில், யாருமே சொல்லாத வசனங்கள் இருந்ததாக 2024இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. நீண்ட மௌனம் வந்தால் ஆபத்து அதிகம். எங்கள் கூட்டத்தில் மௌனம் குறைவு.

ஏழு பேருக்கு மேல் உள்ள இடத்தில், எல்லாரும் வெவ்வேறு ஊரிலிருந்து சேரும் கூட்டங்களுக்கு இது சரிவருமா என்று என்னைக் கேட்க வேண்டாம். அங்கே பொட்டுக்குத்தான் வசதி என்று நினைக்கிறேன்.

பொட் எடுப்பதென்றால் ஒன்று மட்டும். விலைக் கழிவு கிடைக்கிறது என்று வருடக் கணக்கில் கட்ட வேண்டாம். ஆளுக்கு மாதம் 10 டொலர் என்றாலும் ஏழு பேருக்கு 70. டொலரை 300 ரூபாவென்று போட்டால் மாதம் 21,000 ரூபா. பொட்டைக் கூட்டத்துக்கு அழைப்பவருக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தால் போதும் என்பது ஏழு பேருக்கும் கட்டிய பிறகுதான் விளங்கியது. அடுத்த பெப்ரவரி வரை காசு கட்டியாயிற்று. புதன்கிழமைச் சீனக் கூட்டத்துக்கு அதையும் ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறோம்.