காட்டை விட்டுவைப்பதா, மரம் நட்டு ஈடுகட்டுவதா?

இயற்கைக் காட்டைத் தொடாமல் விட்டுவைப்பது ஒரு வழி. வெட்டிவிட்டு வேறிடத்தில் மரம் நடுவது இன்னொன்று. நடுவதில் கணக்குக் காட்டுவது சுலபம்: இத்தனை கன்று, இத்தனை ஏக்கர். நிழலும் கிடைக்கும், சரி. ஆனால் பழைய காட்டில் விழுந்து மட்கும் ஒரு மரத்தை உற்றுப் பாருங்கள்: பூஞ்சை இழை, வண்டுப் புழு, ஈரத்தில் முளைவிட்ட விதை. ஒரே வயது மரங்கள் வரிசைகட்டி நிற்கும் தோப்பில் இதைப் பார்ப்பது அரிது.

காட்டை விட்டுவைத்தால் ஊருக்குக் கிடைப்பது தண்ணீர். நியூயார்க் நகரம் பெரும் செலவில் குடிநீரை வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, 1997 ஒப்பந்தப்படி கேட்ஸ்கில் மலைப்பகுதியின் நீர்ப்பிடிப்பு நிலங்களைக் காக்க முன்வந்தது. தனி மனிதருக்கோ, யாரும் திட்டமிடாத ஓரிடத்தில் நடக்கும் நிம்மதி.

தரிசாகிப்போன நிலத்தில் தாராளமாக நடுங்கள். நிற்கும் காட்டுக்கு மாற்றாக மட்டும் அதை நான் ஏற்கமாட்டேன்.