உயிரே வராத இண்டக்ஷன் அடுப்பு: பாகத்தை மாற்றுவதா, போர்டை மாற்றுவதா, அடுப்பையே மாற்றுவதா?

சுவிட்சைப் போட்டாலும் விளக்கு எரியவில்லை, பீப் சத்தமும் இல்லை. இப்படி அடங்கிப்போன இண்டக்ஷன் அடுப்புக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். கெட்ட பாகத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பார் ஒருவர். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையான மெயின் போர்டையே மாற்றிவிடுங்கள் என்பார் இன்னொருவர். இதற்குப் போய் செலவு செய்வானேன், புதிது வாங்குங்கள் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு பழுதுக்குச் சரிதான். உங்கள் அடுப்பில் இருப்பது எந்தப் பழுது என்பதை, உள்ளே இருக்கும் ஃபியூஸ் போயிருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கு முன் சில விஷயங்களைக் கழித்துவிடலாம். விளக்கு எரிந்து, சூடாக்கத் தொடங்கியதும் அணைந்தால் முதலில் சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். தளர்ந்த சாக்கெட் விளக்குக்கு வேண்டிய கொஞ்ச மின்சாரத்தைக் கொடுத்துவிடும், 2000 வாட் சுமையைத் தாங்காது. அந்த சாக்கெட்டில் மொபைல் சார்ஜர் வேலை செய்வதை வைத்து அது நன்றாக இருப்பதாகச் சொல்ல முடியாது. விளக்கு எரிகிறது, எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் சைல்டு லாக் (குழந்தைகள் தொட்டாலும் இயங்காதபடி பட்டன்களைப் பூட்டும் வசதி) போட்டிருக்கலாம். பீப் அடித்து ஏதாவது எண்ணைக் காட்டினால் அடுப்புக்கு உயிர் இருக்கிறது. காந்தம் ஒட்டாத பாத்திரம் வைத்தாலும் அப்படித்தான் காட்டும். வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

சரி, உண்மையிலேயே உயிர் இல்லை என்றால் அது எப்படிப் போனது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சமைத்துக்கொண்டிருக்கும்போது ‘பட்’ என்று சத்தம் கேட்டு, வீட்டு மின்பெட்டியில் தானாக அணையும் சுவிட்சான எம்சிபியும் விழுந்ததா? அப்படியானால் ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். நேற்று இரவு நன்றாக இருந்தது, காலையில் சத்தமில்லாமல் வரவில்லை என்றால் அது வேறு மாதிரியான பழுதாக இருக்கலாம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால்

அடுப்புக்குள் பெரிய மின்சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி பவர் சப்ளை இருக்கிறது. வழக்கமாக அது 18 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கொடுக்கும். ஃபேனும், ஐஜிபிடி என்ற பெரிய மின்னணு சுவிட்சை இயக்கும் பகுதியும் 18 வோல்ட்டில் ஓடுகின்றன. பட்டன், விளக்கு, அடுப்பின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் எல்லாம் 5 வோல்ட்டில். இந்தக் குட்டி சப்ளை நின்றுபோனால் அடுப்பு முழுவதும் செத்த மாதிரி கிடக்கும். காரணம் பெரும்பாலும் அதன் சிறிய ஐசி, ஒரு ரெசிஸ்டர், அல்லது காய்ந்துபோன கெபாசிட்டர். சில சமயம் பட்டன் போர்டுக்குப் போகும் கேபிள் கழன்றிருக்கும், அவ்வளவுதான்.

இங்கே பாகத்தை மாற்றும் வழிக்குத்தான் என் ஓட்டு. உதிரி பாகம் மலிவு, வேலையும் சிறியது. விலையுயர்ந்த பாகங்கள் எதற்கும் சேதம் இருக்காது. இந்த நிலையில் முழு போர்டையும் மாற்றச் சொல்பவர் போர்டைச் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஃபியூஸ் போயிருந்தால்

ஃபியூஸ் சும்மா போவது அபூர்வம். உள்ளே வரும் மின்சாரத்தை பிரிட்ஜ் ரெக்டிஃபையர் நேர்மின்சாரமாக்கும். அதை ஐஜிபிடி நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திறந்து மூடி, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குக் கொடுக்கும். அந்தக் காந்தப்புலத்தில் பாத்திரத்தின் அடிப்பகுதி சூடாகிறது. ஒற்றை ஐஜிபிடி உள்ள மேசை அடுப்புகளில் அதன்மேல் விழும் வோல்ட்டேஜ் மெயின் வோல்ட்டேஜைப் போலப் பல மடங்கு. அதனால்தான் அங்கே 1200 வோல்ட் தாங்கும் ஐஜிபிடியைப் போடுகிறார்கள். அதுவே ஷார்ட் ஆனால் மின்சாரத்துக்குத் தடை இல்லாமல் போய் ஃபியூஸ் அறுகிறது. கூடவே பிரிட்ஜும் போகலாம்.

ஆகவே ஃபியூஸை மட்டும் மாற்றுவது இருப்பதிலேயே மோசமான வழி. சுவிட்ச் போட்டதும் அதுவும் போய்விடும். ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றுவது அதைவிடக் கொடுமை, போர்டே கருகிவிடும்.

ஐஜிபிடியையும் ஃபியூஸையும் மாற்றினால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அது ஏன் போனது என்று கண்டுபிடிக்காவிட்டால் புதியதும் போகும். ஃபேன் ஓடாததால், ஐஜிபிடியின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் கொதித்திருக்கலாம். காயிலோடு சேர்ந்த ரெசனன்ஸ் கெபாசிட்டர் மதிப்பு குறைந்திருக்கலாம். வோல்ட்டேஜை அளந்து சொல்லும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களில் ஒன்று மாறிப்போயிருக்கலாம். ஐஜிபிடியைத் திறந்து மூடச் சொல்லும் கேட் டிரைவர் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போயிருக்கலாம். இவை எல்லாவற்றையும் அளந்து பார்த்து, அடுப்புக்குப் போகும் மின்சாரம் தன் வழியாகவே போகும்படி 100 வாட் இழை பல்பை சீரிஸில் போட்டு முதலில் உயிர் கொடுப்பவர்தான் நல்ல மெக்கானிக். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் புதிய ஐஜிபிடி தப்பிக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

அப்படி ஒருவர் கிடைத்தால் பாகத்தை மாற்றலாம். கிடைக்காவிட்டால் போர்டை மாற்றுவது மேல். எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அதே மாடலின் போர்டாக இருக்க வேண்டும். ‘எல்லா அடுப்புக்கும் பொருந்தும்’ என்று விற்கும் போர்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. காயிலின் இண்டக்டன்ஸும் (அதன் மின்காந்தத் தன்மையின் அளவு) போர்டில் உள்ள கெபாசிட்டரும் சேர்ந்தே கணக்கிடப்பட்டவை. காயிலை அப்படியே வைத்துக்கொண்டு போர்டை மட்டும் வேறு வடிவமைப்புக்கு மாற்றினால், முதல் நாள் ஓடுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வெப்ப சென்சாரும் புதிய போர்டுக்குப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பு சூட்டைத் தப்பாக எடைபோடும்.

எந்த வழியாக இருந்தாலும் ஃபேனைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அடைத்த ஃபேன் புதிய போர்டையும் காவு வாங்கும்.

புதிது எப்போது?

கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த அடுப்பை இயக்கக் கூடாது. விரிசல் வழியாகப் பொங்கி வழிவது நேரே காயில்மேலும் போர்டுமேலும் இறங்கும். சிறிய ஒற்றை அடுப்புக்குக் கண்ணாடியும் போர்டும் சேர்த்து வாங்குவது அநேகமாகக் கட்டுபடியாகாது. காயில் கருகியிருந்தாலும், ஐஜிபிடி மாற்றிய பிறகும் மறுபடி போனாலும், அதே மாடல் போர்டு கிடைக்காவிட்டாலும் புதிதுதான். மேடையில் பதித்த பல அடுப்பு ஹாப் என்றால் கணக்கு வேறு. அதில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பவர் போர்டுகள் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாவிட்டால் அந்தப் பக்கத்து போர்டை மட்டும் மாற்றுவதே லாபம். முழுதும் செத்திருந்தால் முதலில் அதற்கென்று உள்ள எம்சிபியைப் பாருங்கள்.

நீங்களே மூடியைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் காத்திருங்கள். 230 வோல்ட் மின்சாரம் ரெக்டிஃபையரைத் தாண்டியதும் உச்சத்தில் சுமார் 325 வோல்ட்டாக இருக்கும், கெபாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கலாம். பிளக் செருகிய நிலையில் ஹீட் சிங்க்கில்கூட மின்சாரம் இருக்கக்கூடும். மல்டிமீட்டரால் ஃபியூஸ் தொடர்பைப் பார்ப்பதும், ஐஜிபிடியின் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே இரு திசையிலும் பீப் அடிக்கிறதா என்று பார்ப்பதும் பிளக் இல்லாமலே முடிகிற வேலைகள். இரு திசையிலும் அடித்தால் ஷார்ட். மின்சாரம் கொடுத்து அளக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.