"தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க?"

கனடா திரும்பிப் பதினோரு நாள் ஆகிறது. மனசு இன்னும் எங்கள் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. இந்தப் பயணத்தில் விமானம், டாக்சி, பேங்க், ஆதார் வேலை எல்லாம் சுலபமாக முடிந்தன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அம்மாவின் எலும்பு விஷயத்தை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டுப் பக்கம். ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்து வீடு. அப்பா போன பிறகும் அம்மா அங்கேயேதான் இருக்கிறாள். இரண்டு மாடு, ஒரு கன்று, கொஞ்சம் தக்காளி, பத்துப் பன்னிரண்டு மாமரம். வீடியோ காலில் பேசும்போது ஒரு வருஷமாகவே அம்மா தலையை அசைக்காமல் பேசுவதைக் கவனித்திருந்தேன். கேட்டால் "சுளுக்கு பாப்பா" என்பாள்.

நேரில் போய்ப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. வாசலில் கோலம் போடக் குனிய முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெண் வந்து போட்டுவிட்டுப் போகிறாள். கை பின்னந்தலைக்குப் போகாததால் கொண்டை போட்டுக்கொள்ளவும் அவள்தான் வர வேண்டும். பின்னாலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டால், கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புகிறாள். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை களை எடுத்தவள்.

சேலத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் இடத்தில் காலை ஆறு மணிக்கு டோக்கன், பதினொன்றரைக்கு அழைப்பு. அம்மா நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் "வயசானா வர்ற தேய்மானம்தான்" என்று சொல்லியாயிற்று. கால்சியம், வலி மாத்திரை, கழுத்துப் பட்டை. இரண்டாவது இடத்தில் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு எலும்பு இரும்பு மாதிரி இருக்கு, இந்த வயசுல இப்படி ஸ்கோர் யாருக்கும் வராது" என்றார்கள். நாங்களும் சந்தோஷமாக ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வந்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம்தான் அதிகமாகச் சுடுகிறது. மூன்றாவது இடத்தில் எம்ஆர்ஐ. கனடாவில் நான் இருக்கும் மிசிசாகாவில் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கையில் கவரும் கொடுத்துவிட்டார்கள், அது பெரிய விஷயம்தான். கழுத்தெலும்புக்குப் பின்னாலுள்ள தசைநார் எலும்பாகவே இறுகிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், லட்சக்கணக்கில் ஆகும், அடுத்த வாரமே தேதி தருகிறோம் என்றார்கள். ஏன் இறுகியது என்று கேட்டேன். "சிலருக்கு அப்படித்தான்."

மூன்று இடத்திலும் பெயர், வயது, சர்க்கரை இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே செவலை மாடு நொண்ட ஆரம்பித்தது. ஒரு நாள் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால். படுத்தால் எழ யோசிக்கிறது. பாலும் பாதியாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி 1962க்கு ஃபோன் போட்டான். அரசாங்கத்தின் கால்நடை ஆம்புலன்ஸாம். எனக்கு நம்பிக்கையே இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாட்டை நான்கு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனால் கம்பவுண்டர் இருப்பார், டாக்டர் இருக்க மாட்டார். இந்த முறை இரண்டு மணி நேரத்தில் வேன் தோட்டத்து வழியில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவர் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண் டாக்டர்.

அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊசியை எடுக்கவே இல்லை. முதலில் மாட்டை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல் கையை மெதுவாக இறக்கி, ஒரு இடத்தில் நிறுத்தி, என் கையை வாங்கி அங்கே வைத்தார். தோலுக்கடியில் எலும்பு கரடுமுரடாகப் புடைத்திருந்தது. கால் குளம்பு நீண்டு வளைந்திருந்ததையும் காட்டினார். அதன் பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். செவலைக்குப் பல் சுத்தமாக இருந்தது. "இது இங்கயே பொறந்ததா, வாங்கினதா?" சந்தையில் ஆறு பல்லில் வாங்கியது என்றாள் அம்மா. அப்படியா என்று சொல்லிவிட்டு நேராகப் பக்கத்தில் கட்டியிருந்த கிடேரியிடம் போனார். அது எங்கள் கொட்டகையில் பிறந்தது. அதன் முன்பல்லில் காப்பிப் பொடி நிறத்தில் கறையும் சின்னச் சின்னக் குழிகளும்.

அப்போதுதான் கேட்டார்: "தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க?"

கிணறு வற்றி இருபது வருஷம் ஆகிறது. போர்தான், எழுநூற்றைம்பது அடி. மாட்டுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

வேனில் ஒரு சோதனைக் கிட் இருந்தது. எங்கள் தண்ணீரில் ஒரு மருந்துச் சொட்டை விட்டார். இளஞ்சிவப்பாக இருந்தது மெல்ல மஞ்சளாக மாறியது. "ஃப்ளோரைடு. துல்லியமா எவ்வளவுன்னு குடிநீர் வாரிய லேப்ல குடுத்துப் பாருங்க" என்றார். பார்த்தோம். லிட்டருக்கு 3.2 மில்லிகிராம். இந்தியத் தர அளவு 1.0, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான்.

பாறைக்குள் இருக்கும் தாதுவிலிருந்து கரைந்து வருவது இது. போர் எவ்வளவு ஆழம் போகிறதோ, பாறையோடு அவ்வளவு நாள் ஊறிய தண்ணீர் மேலே வருகிறது. இதில் கொடுமை என்னவென்றால், இப்படிப்பட்ட தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம் குறைவாக இருக்கும். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். "நம்ம தோட்டத்துத் தண்ணி மாதிரி வருமா" என்று அம்மா பெருமையாகச் சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

டாக்டர் கிளம்பும்போது அம்மா கயிற்றைக் கட்டக் குனிய முடியாமல் நின்றதைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் தயங்கினார். "நான் மாட்டு டாக்டர்ம்மா, மனுஷங்களுக்கு வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ஃப்ளோரைடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முன்கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க."

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் என் பல்லிலும் அந்தக் கறை உண்டு. எங்கள் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் பாதிப் பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்போம். கனடா வந்த முதல் வருஷம் பல் டாக்டர் என் வாயைப் பார்த்த பத்தாவது நிமிஷம், சின்ன வயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தாய் என்று கேட்டு, ஃப்ளோரோசிஸ் என்று பெயரும் சொன்னார். அங்கே பல் சொத்தை வராமலிருக்கக் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள். ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டு ஊரில் 1945இலேயே ஆரம்பித்தது. இன்றைக்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அங்கே ஊசி முனையளவு அளந்து சேர்க்கும் சாமானை இங்கே என் அம்மா நாற்பத்தொன்பது வருஷம் குடம் குடமாகக் குடித்திருக்கிறாள்.

எனக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தும் அம்மாவோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. காரணம் அம்மாவின் பல். முத்து மாதிரி இருக்கும். அம்மா மேட்டூர்க்காரி, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், பத்தொன்பது வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டாள். பல் எனாமல் உருவாகும் சின்ன வயதில் மட்டும்தான் ஃப்ளோரைடு பல்லில் கறையாகப் பதியும். வளர்ந்த பிறகு குடித்தால் பல்லில் ஒன்றும் தெரியாது, எலும்பில்தான் ஏறும். சந்தையில் வாங்கிய செவலைக்கும் இதே கதை. மாட்டில் இதைப் படித்துச் சொன்ன ஒருவர் இருந்தார்.

மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். கூட்டம், வெயில், பெஞ்சில் இடமில்லை, எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். ஆனால் அங்கிருந்த டாக்டர் ஃப்ளோரைடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். குனிந்து தரையைத் தொடச் சொன்னார். மோவாயை நெஞ்சில் வைக்கச் சொன்னார். இரண்டு கையையும் பின்னந்தலையில் கோக்கச் சொன்னார். மூன்றும் முடியவில்லை. வாசலில் கோலம், திரும்பாத கழுத்து, போட முடியாத கொண்டை. அம்மா இரண்டு வருஷமாக எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த அதே மூன்று. முன்கை எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு உண்டாம். அது எலும்பாக இறுகி, முள்வேலி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கூடுதல், வைட்டமின் டி குறைவு. சிறுநீரிலும் ஃப்ளோரைடு மிகுதி.

அப்படியானால் அந்த இரும்பு எலும்பு? ஃப்ளோரைடு எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டிவிடும். எலும்பு தடிக்கும், ஸ்கேனில் அடர்த்தி கூடும், ஆனால் உள்ளே கட்டுமானம் ஒழுங்காக இருக்காது. எலும்புத் தேய்வுக்கே ஃப்ளோரைடை மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1990இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வில் 202 பெண்களிடம் நான்கு வருஷம் பார்த்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி நன்றாகவே ஏறியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகள் முறிவது அதிகமானது. டெக்ஸா மெஷின் பொய் சொல்லவில்லை. பாலக்கோட்டிலிருந்து வந்த கிழவிக்கு ஏன் இப்படி ஒரு ஸ்கோர் என்று யோசிக்க வேண்டியது மனுஷர் வேலை.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயுமில்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம் மனிதர்களிடம் இந்த எலும்பு நோயை 1937லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் அங்கே குடியானவர்கள் உழவு மாடு கால் விறைத்து நடக்க முடியாமல் போவதைக் கவனித்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்றே ஜப்பான் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்க்கு ஒகேனக்கல் திட்டம் போட்டு 2013இல் தண்ணீர் திறந்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஊருக்குள் வருகிறது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு வரவில்லை. அம்மாவும் "சப்புன்னு இருக்கு பாப்பா" என்று எடுத்து வரவில்லை.

எலும்பில் ஏறியதை இறக்க மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றி, கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தால் மேலும் ஏறாமல் பார்க்கலாம், வலியும் குறையலாம் என்றார் டாக்டர். கட்டன் டீயைக் குறைக்கச் சொன்னார், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. கை கால் பலம் இப்போதைக்குக் குறையவில்லை, அதனால் ஆபரேஷனுக்கு அவசரமில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார். அந்த அடுத்த வாரத் தேதியை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

ஆர்ஓ மெஷின் வைத்துவிட்டு வந்தேன். மாட்டு டாக்டருக்கு ஃபோன் செய்து சொன்னபோது ஒன்றை எச்சரித்தார். மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும், வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள் என்று. அம்மா அப்படியேதான் செய்திருப்பாள். பெரிய மாடு ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது லிட்டர் குடிக்கும், அதற்கெல்லாம் ஆர்ஓ கட்டுப்படியாகாது. ஓட்டுக் கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி கட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன், மழை வந்தால்தான் தெரியும். கன்றுக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள், நிலைப்பல் முளைத்து முடிய நாலு வருஷம் ஆகும், அதுவரை விடாதீர்கள் என்றார்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். ஊர்க் குழாயிலிருந்து தினமும் நான்கு குடம் ஒகேனக்கல் தண்ணீர் டிவிஎஸ் வண்டியில் வருகிறதாம், பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கொண்டுவந்து வைக்கிறான். இரண்டு சமையலுக்கு. "மீதி ரெண்டு கன்னுக்குட்டிக்கு பாப்பா. அதுக்குத் தனியா ஒரு அன்னக்கூடை வெச்சுட்டேன், செவலை வாய் வெக்காம நானே நின்னு பாத்துக்கறேன்" என்றாள்.