கடை லேபிள் ஒட்டிய ஸ்கோப்: நான்கு வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், மோட்டார் ரூமிலிருந்து 25 மீட்டர் தள்ளி மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் அதில் காகிதம் ஒட்டி ஏர் ரைபிளில், அதாவது காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கியில், சுட்டுப் பழகுவேன். குழல் 0.177 அங்குலம், குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் அடங்கும் ஸ்பிரிங் துப்பாக்கி. லைசென்ஸ் தேவையில்லை.

2021-ல் இதற்கு ஒரு ஸ்கோப் வாங்கினேன், குறிபார்க்கத் துப்பாக்கியின் மேலே மாட்டுகிற தொலைநோக்கிக் குழாய். எங்கோ ஒரு ஃபேக்டரியில் செய்து, ஆன்லைன் கடை தன் பெயரை ஒட்டி விற்கிற சரக்கு. 3 முதல் 9 மடங்கு, முன் லென்ஸ் 40 மி.மீ., விலை 2,800 ரூபாய். பெட்டியில் ‘வேட்டை ரைபிளுக்கானது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாட்டிப் பார்த்த முதல் நாளே எதிர்த் தென்னையில் ஏறுகிற எறும்பு தெரிந்தது. அதிலேயே மயங்கிவிட்டேன்.

கண்ணாடி தெளிவாக இருந்தால் ஸ்கோப் நல்லது என்று நினைத்ததுதான் தப்பு. இந்த விலையிலும் கண்ணாடி பகலில் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. காலை வாருவது உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஸ்பிரிங். ஸ்கோப்புக்குள் இன்னொரு சிறு குழாய் உண்டு. மேலேயும் பக்கத்திலேயும் இருக்கிற திருகுகள் அதைத் தள்ளும். எதிர்ப்பக்கம் இந்த ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கும். அது சோர்ந்தால், திருகைத் திருப்பினாலும் கிராஸ்ஹேர், அதாவது குறிபார்க்கிற கூட்டல் குறி, கூடவே நகராது.

ஏழாவது மாதம் எனக்கு அதுதான் நடந்தது. அதுவரை ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். ஒருநாள் மூன்று ஒரு இடத்தில், இரண்டு அங்கிருந்து மூன்று சென்டிமீட்டர் இடப்பக்கம். பெல்லட்டை (குண்டை) சந்தேகப்பட்டேன், ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற மவுண்ட்டை இறுக்கினேன், மூச்சைப் பிடிக்கிற விதத்தைக்கூட மாற்றினேன். மூன்று வாரம் வீணானது. கடைசியில் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு துப்பாக்கியின் சொந்தக் குறியிலேயே சுட்டேன். குண்டுகள் மறுபடி ஒன்று சேர்ந்தன. கோளாறு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்பிரிங் ஏர் ரைபிளின் உதைப்பு இரண்டு பக்கமும் இருக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னால் குதிக்கும். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். அதனால் பெரிய ரைபிளைத் தாங்குகிற ஸ்கோப்கூட இதில் உடைந்துபோகலாம். பெட்டியில் ஏர் ரைபிள் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு இடமாறு தோற்றம் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது) சரிசெய்யப்பட்டு வருகின்றன. 25 மீட்டரில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கிராஸ்ஹேர் காகிதத்தின் மேல் ஊர்ந்துபோகும். தூரத்துக்கு ஏற்பத் திருப்புகிற முன் வளையம் இருப்பதுதான் நமக்குச் சரி.

2022-ல் இரண்டாவதாக வாங்கியதும் கடை லேபிள்தான், வேறு கடை. இந்த முறை துப்பாக்கியில் மாட்டுவதற்கு முன்பே சோதித்தேன். அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் வி வடிவில் வெட்டி ஸ்கோப்பை ஆடாமல் உட்காரவைத்து, மோட்டார் ரூம் சுவரில் ஒரு கட்டத்தாளை ஒட்டினேன். மூன்றிலிருந்து ஒன்பது மடங்குக்கு மெதுவாகத் திருப்பினேன். கிராஸ்ஹேர் கட்டம் தாண்டவில்லை. பிறகு திருகுகளைத் திருப்பி வலப்பக்கம் 40 கிளிக் (திருகு ‘டிக்’கென்று நகர்கிற ஒரு படி), கீழே 40, இடப்பக்கம் 40, மேலே 40. ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ.) என்றால் 25 மீட்டரில் 1.8 மி.மீ.; 40 கிளிக்குக்கு ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். வந்தது, கிளம்பிய புள்ளிக்கே திரும்பியும் வந்தது. பழையதை அதே பெட்டியில் வைத்துத் திருகினால் அசையாமல் நிற்கும். நாணயத்தால் ஒரு தட்டு தட்டியதும் சட்டென்று தாவும். அந்தத் தாவலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

லென்ஸுக்கு டியூப்லைட் போதும். அதன் பிரதிபலிப்பு வெள்ளையாகத் தெரிந்தால், ஒளி திரும்பாமல் தடுக்கிற பூச்சு லென்ஸில் இல்லை. பச்சையோ ஊதாவோ மங்கலாகத் தெரிந்தால் உண்டு. முகம் பார்க்கிற கண்ணாடிபோல் சிவப்பாக மின்னுகிறதை மட்டும் வாங்காதீர்கள். சிவப்பு ஒளியை வெளியே தள்ளிவிடுவதால் உள்ளே எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும். அந்திக்கு ஒன்பது மடங்கு ஆகாது. 40-ஐ ஒன்பதால் வகுத்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டம் 4.4 மி.மீ.தான், ஆறு மடங்கில் 6.7 கிடைக்கும்.

முதலமடையில் இருக்கிற மாமா லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர். காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவர்கள் கைக்கு வந்த பிறகு, “மாப்ள, அந்தக் குழாய் மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க” என்றார். “வேண்டாங்க மாமா, இது காகிதத்துக்குத்தானுங்க” என்று சொல்லிவிட்டேன். எனக்கு மூன்று சென்டிமீட்டர் தள்ளினால் காகிதத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அங்கே குண்டு வாங்கிய பன்றி சாகாமல் புதருக்குள் துடித்துக் கிடக்கும். தேடிப் போகிற ஆளுக்கும் ஆபத்து. அந்த வேலைக்கு இதை நம்பி யார் கையிலும் கொடுக்க எனக்கு மனசு வராது.

மூன்று வருடமாக இரண்டாவது ஸ்கோப் தாக்குப்பிடிக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் மாதம் காற்றும் தூறலும் சேர்ந்து அடிக்கும். போன வருடம் ஒருநாள் காலையில் லென்ஸின் உட்பக்கம் ஓரத்தில் மெல்லிய ஆவி படிந்தது, மதியத்துக்குள் போய்விட்டது. பக்கத் திருகு மூடியின் மரை தேய்ந்திருக்கிறது. ஈரம் அந்த வழியாகத்தான் இறங்குகிறது என்று நினைக்கிறேன். சொட்டுநீர்க் குழாய்க்கு வாங்கிய டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன். இந்த ஜூன் தாங்குகிறதா பார்க்க வேண்டும்.