எலாஸ்டோமருக்குப் பதில் காயில் ஷாக்: 1990-களின் மவுன்டன் பைக்கில் இரண்டு மழைக்காலம்

முடிவை முதலில் சொல்லிவிடலாம். 1990-களின் நடுவில் வந்த அலுமினிய ஃபிரேம், பின்பக்கம் சுழல ஒரே பிவட் (கீல் அச்சு), 165×38 ஷாக் (மி.மீ.இல் நீளமும் அமுங்கும் தூரமும்), பின்சக்கரத்துக்கு 100 மி.மீ. பயணம். இப்படிப்பட்ட வண்டியில் செத்துப்போன எலாஸ்டோமரை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் போன்ற கட்டையை) எடுத்துவிட்டு, எண்ணெய் டேம்பிங் (துள்ளலை அடக்கும் அமைப்பு) உள்ள காயில் ஷாக், அதாவது சுருள் ஸ்பிரிங் ஷாக் போடுவது செலவுக்குத் தகுந்த வேலைதான். ஆனால் வண்டியின் குணம் மாறுவது ஸ்பிரிங்கால் அல்ல. அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தை எண்ணெய் பிடித்துக்கொள்வதும், அச்சு சுழலும் இடங்களில் ஆட்டமில்லாத புஷ்களும் (உள்வளையங்களும்) தான் அதற்குக் காரணம். பயணத்தைக் கூட்டலாம் என்ற ஆசையில் கை வைத்தால் ஃபிரேமைக் கெடுத்துவிடுவோம்.

அந்தக் காலத்தில் ப்ரோஃபிளெக்ஸ் போன்ற வண்டிகள் பின்னால் எலாஸ்டோமர் போட்டுத்தான் வந்தன. அது நுண்ணிய காற்றறைகள் கொண்ட யூரித்தேன். ஈரம் அதன் பிணைப்பை மெல்ல அறுத்துவிடும். இருபது முப்பது வருடத்தில் விரலால் அழுத்தினால் தூளாக உதிரும், இல்லையென்றால் பிசினாக ஒட்டும். புதிதாக இருந்தபோதும் குளிரில் கல்லாகும் குணம் அதற்கு உண்டு. அமுங்கியதைத் திருப்பி உதைக்கும்போது தடுக்க உள்ளே எண்ணெயும் கிடையாது. பழைய ஷாக்கையே காப்பாற்ற நினைப்பவர்கள் கடையில் கிடைக்கும் கெட்டி யூரித்தேன் கம்பியை வெட்டிப் போடாதீர்கள். கெட்டி யூரித்தேன் தன் கன அளவைக் குறைத்துக்கொள்ளாது. அமுக்கினால் பக்கவாட்டில் உப்பி, உறையில் உரசி இறுகிவிடும். கார் சஸ்பென்ஷனில் வரும் பம்ப் ஸ்டாப்பர்களில் பல அதே காற்றறை யூரித்தேனால் ஆனவை. அளவாக வெட்டித் துளையிட்டால் காட்சிக்கு வைக்கும் வண்டிக்குப் போதும். தினம் ஓட்டும் வண்டிக்குப் போதாது.

ஷாக் வாங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகளில்தான் பாதி வேலை இருக்கிறது. ஷாக்கின் இரு முனையிலும் போல்ட் ஏறும் துளைதான் கண். ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவரை 165 மி.மீ., ஷாக் அமுங்கும் தூரம் 38 மி.மீ. இரண்டுமே மாறக்கூடாது. நீளம் 5 மி.மீ. கூடினால் பின்பக்கம் ஏறக்குறைய 13 மி.மீ. உயரும், முன் ஹெட் கோணம் (ஹேண்டில் குழாயின் சாய்வு) முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக நிமிரும். இறக்கத்தில் ஹேண்டில் பதற்றமாகத் திரும்புவதற்கு அதுவே போதும். 'கிடைத்தது இதுதான்' என்று 190 மி.மீ. ஷாக்கை மாட்டினால் பின்பக்கம் 65 மி.மீ. தூக்கிவிடும், அந்த வண்டியை இறக்கத்தில் யாரும் நம்பி ஓட்ட முடியாது. இன்னொரு பொறி: இப்போதைய பட்டியல்களில் 165×45 என்று ஒரு அளவு வரும். அது ட்ரன்னியன் வகை, மேல் பக்கம் கண்ணே இருக்காது, பக்கவாட்டில் போல்ட் ஏறும். பழைய ஃபிரேமில் அது உட்காராது. எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

அமுங்கும் தூரத்தில் 6 மி.மீ. கூட்டினால் சக்கரம் 16 மி.மீ. கூடுதலாக ஏறும். டயர் சீட் ட்யூபில் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாயில்) போய் இடிக்கும். அந்த இடி முழுவதும் பிவட் வெல்டில்தான் இறங்கும்.

இதையெல்லாம் ஊகிக்கத் தேவையில்லை. ஒரு கெட்டியான பட்டை இரும்பில் முனையில் ஒரு துளை, அதிலிருந்து 165, 155, 145, 135, 127 மி.மீ. தூரங்களில் துளைகள் போடுங்கள். ஷாக் இருந்த இடத்தில் இந்தப் பட்டையை ஒவ்வொரு துளையாக மாட்டி, ஒவ்வொரு முறையும் பின் அச்சு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 127-இல் மாட்டும்போது ஷாக் முழுவதும் அமுங்கிய நிலை அப்படியே கண்முன் நிற்கும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 6 மி.மீ.யாவது இருக்க வேண்டும். ஓட்டத்தில் ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதியும்) வளையும். அதே நிலையில் செயினை முன்னால் பெரிய பல்லிலும் பின்னால் பெரிய பல்லிலும் போட்டுப் பாருங்கள். பிவட் பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுழலும் இடத்துக்கு) மேலே இருக்கும் ஃபிரேம்களில் சக்கரம் ஏற ஏற செயினுக்கு நீளம் போதாமல் போகும். பின் டிரெய்லியரின் (கியர் மாற்றும் கருவியின்) கூண்டு முழுக்க நீண்டு விறைத்து நின்றால் இரண்டு கண்ணி சேருங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் ஒரே பள்ளத்தில் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் முறியும்.

இங்கே பேசும் ஃபிரேமில் கிடைத்த கணக்கு இது: முதல் 10 மி.மீ.க்கு அச்சு 25 ஏறியது, அடுத்த 10-க்கு 26, அதற்கடுத்த 10-க்கு 27, கடைசி 8-க்கு 22. மொத்தம் 100. சராசரி லிவரேஜ், அதாவது ஷாக் ஒரு மி.மீ. அமுங்கும்போது அச்சு ஏறும் தூரம், 2.63. கவனிக்க வேண்டியது கடைசி வரிசையைத்தான். போகப் போக ஒரு மி.மீ.க்கு ஏறும் தூரம் 2.5-இலிருந்து 2.75 ஆகிறது, அதாவது முடிவில் ஷாக் இளகிப்போகிறது. ஷாக் கோணம் இப்படி அமைந்த பழைய ஃபிரேம்களில் காயில் ஷாக் அடியில் போய் இடிப்பது இதனால்தான். இந்த அளவுக்கு ஷாக்கின் அடி ரப்பரே தாங்கிக்கொள்கிறது. உங்கள் ஃபிரேமில் வித்தியாசம் இதைவிட அதிகம், ஆளும் 80 கிலோவுக்கு மேல் என்றால் ஏர் ஷாக்கே நல்லது. காற்று அமுங்க அமுங்க இறுகும், முடிவில் இருக்கும் இளக்கத்தை அது ஈடுகட்டும். எடையும் குறைவு: காயில் 700 கிராம் அளவில் வரும், ஏர் 250-ஐச் சுற்றி. மற்றவர்களுக்குக் காயிலையே சொல்வோம். சின்னச் சின்னக் கற்களில் அது தயங்காமல் அசையும், வருடக்கணக்கில் பம்ப்பைத் தேட வேண்டியதில்லை.

ஸ்பிரிங் கணக்கு எளிது. உடை, பையோடு சேர்த்து ஆள் 70 கிலோ என்றால் பின்பக்கம் இறங்குவது சுமார் 60 சதவீதம், அதாவது 42 கிலோ. லிவரேஜால் பெருக்கினால் ஷாக் மேல் 110 கிலோ. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் கால் பங்கு, அதாவது 9.5 மி.மீ. இறங்க வேண்டும். 110-ஐ 9.5-ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 11.6 கிலோ. ஸ்பிரிங்கில் அச்சிட்டிருப்பது அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. 56-ஆல் பெருக்கினால் 650 வரும். விலை மலிவான ஸ்பிரிங்குகளில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். டிரில் பிரஸ்ஸின் கீழே குளியலறை எடை மெஷினை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, 5 மி.மீ. அமுக்குங்கள். 650 என்றால் 58 கிலோ காட்ட வேண்டும்.

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் மேல் காலரைத் திருகி இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டியின் உயரம்தான் மாறும். ஸ்பிரிங் ஆடாத அளவுக்கு ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் திருகித்தான் சரியான இறக்கம் கிடைக்கிறது என்றால் அடுத்த எண் ஸ்பிரிங் வாங்குங்கள். வாங்கும்போது உள்விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஷாக் வாங்கும்போது ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லி, ராடைக் கையால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் சரசரவென்று போய் வந்தால் உள்ளே எண்ணெய் இல்லை. அப்படி ஒன்றை மாட்டினால் எலாஸ்டோமரைவிட மோசமாகத் துள்ளும்.

இனி புஷ். இரண்டு வருட ஓட்டத்தில் அதிகம் தேய்ந்த இடம் கீழ்க் கண்தான், ஏனென்றால் மேலே சில டிகிரி மட்டுமே சுழல்கிறது, கீழே அதைவிட அதிகம். ராக்ஷாக்ஸ், ஃபாக்ஸ் ஷாக்குகளின் கண்ணில் பொதுவாக 15 மி.மீ. வெளிவிட்டம், 12.7 மி.மீ. உள்விட்டம் கொண்ட டியூ புஷ் (உள்ளே வழுக்கும் பூச்சு கொண்ட உலோக வளையம்) ஏறும். சுத்தியல் வேண்டாம். வைஸில் ஒரு பக்கம் 15-ஐவிடச் சற்றுச் சிறிய சாக்கெட், மறுபக்கம் புஷ் விழுந்து நுழையும் பெரிய சாக்கெட், நடுவில் கண். மெல்ல இறுக்கினால் பழையது வெளியே வந்துவிடும். புதியதையும் அதே மாதிரி நேராக அழுத்துங்கள். சாய்ந்து ஏறினால் ஒரே மாதத்தில் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். டியூ புஷ்ஷின் உள்ளே ஏற்கெனவே வழுவழுப்பான பூச்சு இருக்கிறது. கிரீஸை அப்பினால் அது மண்ணைப் பிடித்துவைத்து அரைக்கும்.

பக்கவாட்டு ஸ்பேசரின் அகலத்தை வெர்னியரில் அளந்து, ஃபிரேம் காதுகளின் (ஷாக் மாட்டும் தகடுகளின்) உள் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். விரலால் தள்ளினால் லேசாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அரை மி.மீ. இடைவெளியை போல்ட்டை இறுக்கி மூடிவிடலாம் என்று நினைத்தால், ஒவ்வொரு இறுக்கலிலும் அலுமினியக் காது வளையும், நாளடைவில் வேரில் விரிசல் விடும். ஸ்பேசரையும் பிவட் புஷ்ஷையும் நம் ஊர் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். பிவட்டுக்கு கன்மெட்டல் புஷ், அச்சைவிட 0.03 மி.மீ. மட்டும் பெரிய துளை. இதற்கு மட்டும் கிரீஸ் கட்டாயம். போல்ட்டுக்கு நீல நிற நடுத்தர லாக்டைட், 9 முதல் 10 நியூட்டன் மீட்டர். முதல் 50 கி.மீ.க்குப் பிறகு ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள்.

ரீபவுண்டை (ஷாக் திரும்பி எழும் வேகத்தை) இப்படிச் செட் செய்யலாம்: நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்குங்கள். சீட் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டாம் துள்ளல் வந்தால் ஒரு கிளிக் மெதுவாக்குங்கள். அதிகமாக மெதுவாக்கினால் வரிசையாகக் கற்கள் வரும் இடத்தில் ஷாக் எழ நேரமில்லாமல் படிப்படியாகப் படுத்துவிடும். மூன்றாவது கல்லிலேயே முதுகு அதை உணர்ந்துவிடும்.

எல்லா ஃபிரேமுக்கும் இது பொருந்தாது. ட்ரெக் ஒய், க்ளைன் மான்ட்ரா போன்றவற்றில் பாட்டம் பிராக்கெட்டே ஸ்விங் ஆர்மில் இருக்கும். எழுந்து நின்று மிதித்தால் எடை நேராக அதன் மேல் விழுந்து பின்பக்கம் விறைத்துவிடும். ஷாக்கை மாற்றினாலும் அந்த விறைப்பு போகாது. ஜிடி எல்டிஎஸ், பழைய எஃப்எஸ்ஆர் மாதிரி நான்கு இணைப்பு ஃபிரேம்களில் முதலில் லிங்க் புஷ்களை மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஷாக் நன்றாகவே இருந்தது என்று அப்போதுதான் தெரியவரும்.

பழைய ஏர் ஷாக்கைத் திறப்பவர்கள் முதலில் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். காற்று போன பின்பும் அமுங்கியே நின்றால் உள்ளறையில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் திறக்கவே வேண்டாம். நைட்ரஜன் அடைத்த டேம்பர் அறைக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஷாக் காதுகளின் வெல்டையும் பிவட்டைச் சுற்றிய வெல்டையும் துடைத்துப் பாருங்கள். வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே போதும். சிவப்பை அடித்து, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே வெள்ளையை அடியுங்கள். வெள்ளையின் மேல் முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழுந்தால் அந்த ஃபிரேமை அன்றோடு மலைப்பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள்.